மருதோண்டி வேலி

எந்த வேலையானாலும் கடைசியில் என் தலையில்தான் வந்து விழும். அந்தக் காணியும் அப்படித்தான் விழுந்தது.

புத்தளம் நகரத்துக்குள்ளேயே, பஸ் வீதிக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் கேட்பாரற்றுக் கிடந்த நிலம் அது. ஒரு காலத்தில் உப்புப் பாத்திகளாக இருந்ததாம். பிறகு உப்பும் இல்லை, உரிமை கொண்டாட ஆளும் இல்லை. தண்ணீர்ப் பக்கம் கண்டல் மரங்கள், மேட்டில் உடை மரமும் முட்பற்றையும், மிச்ச இடமெல்லாம் ஊர்க் குப்பை. எங்கள் ஊர்க் கழுதைகள் பகல் முழுக்க அங்கே நின்று காட்போட் பெட்டிகளை மென்றுகொண்டிருக்கும்.

சண்டை முடிந்து மூன்று நான்கு வருடமாகியிருந்தது. எல்லா ஊரிலும் எதையாவது திருத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் பதுர்தீன் ஹாஜியாருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. இரும்புக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன். ஆனால் தொடங்குவது மட்டும்தான் அவர் வேலை, முடிப்பது மற்றவர்கள் வேலை. பிள்ளைகள் விளையாடவும், பெண்கள் அஸருக்குப் பிறகு காற்று வாங்கவும், சீனி வருத்தக்காரர்கள் நடக்கவும் ஊருக்கு ஓர் இடம் வேண்டும் என்று பள்ளிவாசலில் பேசினார், நகரசபையில் அனுமதி எடுத்தார், ஒரு குழுவும் அமைத்தார். நான் பாலர் பாடசாலையில் படிப்பித்து ஓய்ந்தவள். எழுதத் தெரிந்த பொம்பிளை என்று என்னைச் செயலாளராக்கினார்கள். பெற்ற பிள்ளைகளையெல்லாம் கரைசேர்த்துவிட்டு, இனிக் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நான் நினைத்திருந்த நேரம் அது.

முதல் சிரமதானத்தன்று காலையில் பெரிய கேத்தல் நிறையப் பிளேன்டீயோடு போய் இறங்கினேன். சேற்று வாடையும் குப்பை எரியும் புகையும் மூக்கை அடைத்தன. இளைஞர்கள் சிரித்துக்கொண்டே கத்தியும் மண்வெட்டியுமாக நின்றார்கள். பயப்பட அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. வெயில்தான் பயமாக இருந்தது.

பற்றையை வெட்டிக்கொண்டு மேட்டில் ஏறியவர்கள் ஓரிடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்கள். முள்ளுக்கு நடுவில், ஆளுயரத்துக்கு, மருதோண்டிச் செடிகள். ஒன்றல்ல, ஒரு கூட்டம்.

வேறு ஊர்க்காரர் யாராவது கண்டிருந்தால், உப்பு மண்ணில் இது எப்படி வந்தது, யார் நட்டு நல்ல தண்ணீர் ஊற்றியது என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. மருதோண்டியைக் கண்டால் எங்கள் பெண்களுக்குக் கைதான் ஞாபகம் வரும். அதுவும் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கே போதும் என்று எல்லோருக்கும் சந்தோசம். கொப்புகளைக் கழித்து, வேரோடு கிளப்பி, சிறுவர் விளையாடும் இடத்துக்கு வேலியாக வரிசையில் நட்டுவிடுவோம் என்று ஹாஜியார் சொன்னார். நானும் ஓம் என்றேன்.

கிளப்பும்போது ஒரு செடியின் வேரோடு நைந்த வெள்ளைத் துணி கொஞ்சம் வந்தது. குப்பைக் காணியில் துணி வருவது ஒரு புதினமா? வேரை உதறிவிட்டு அதைச் சாக்கில் போட்டார்கள். குழிகளை மூடி, மேட்டை மட்டமாக்கி, அதன்மேல் சிவப்புக் கிரவல் போட்டு நடைபாதையும் அமைத்தாகிவிட்டது.

செடிகள் ஒன்றுகூட வாடவில்லை. அந்த வெயிலில் அது நல்ல சகுனம் என்று பேசிக்கொண்டார்கள்.

பூங்காவின் கேற்றைப் பூட்டும் வேலையும் என்னிடம்தான் வந்தது. பொழுதுபடும் மஃரிபுக்கு முன், ஆட்கள் போன பிறகு, ஒரு சுற்றுச் சுற்றிவந்து பூட்டுவேன். முதலில் கண்ணில் பட்டது கழுதைகள்தான். இந்த ஊர்க் கழுதைகள் சுவரொட்டியைக்கூட விட்டுவைக்காது. ஆனால் புதுத் தளிர் விட்டு நின்ற அந்த வேலியில் வாய் வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வரிசையாக நின்று, தலையைத் தாழ்த்தி, வேலியையே பார்த்துக்கொண்டிருந்தன. விரட்டினால் நகரும். திரும்பிப் பார்த்தால் மறுபடியும் அங்கேதான் நிற்கும்.

பிறகு வாசம் வந்தது. களப்புப் பக்கத்திலிருந்து வருவது எப்போதும் சேற்று வாடைதான். அன்று காற்றே இல்லை. வேலியோரம் போனபோது வசம்பு சுட்ட வாசம் வந்தது. நல்லெண்ணெய், உள்ளி வதக்கிய வாசம், சாம்பிராணி, அதற்கெல்லாம் அடியில் ஈரத்துணியில் புளித்த பாலின் வாசம். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சுற்றிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் வீடே இல்லை.

சத்தமும் இருந்தது. நீர் வற்றும் நேரம் சேற்றில் நண்டு வளைகள் சப்புக்கொட்டுவதைக் களப்பு ஓரத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதுதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் தண்ணீர் நிரம்பி நின்ற ஒரு மாலையிலும் அதைக் கேட்டேன்.

சத்தம் சேற்றிலிருந்து வரவில்லை.

வேலிக்குள்ளிருந்து வந்தது. ஒன்று நிறுத்த மற்றது தொடங்கியது. ஏதோ சப்பித் தேடுவது போல, கிடைக்காமல் நிறுத்துவது போல.

கேற்றைப் பூட்டிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஹாஜியார் அதற்கும் ஒரு குழு அமைப்பார், அதற்கும் நான்தான் செயலாளர்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள் ஊரே அந்த வேலியில் இலை பறித்தது. நானும் பறித்து அரைத்து, பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு விரல் நுனிகளில் தொப்பி வைத்துக்கொண்டு படுத்தேன். வீட்டுக்காரர் கடையில் இருந்தார். முன்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. கைகளைத் தலையணை மேல் விரித்து வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துக் கழுவியபோது விரல்கள் நன்றாகச் சிவந்திருந்தன. வலது சுட்டுவிரலில் மட்டும் சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடுகள். ஒரு பக்கம் நான்கு, மற்றப் பக்கம் ஒன்று. பசை காயுமுன் யாரோ பிடித்த மாதிரி.

ஒவ்வொரு கோடும் ஈர்க்கை விடக் கொஞ்சம்தான் தடிப்பு.

பெருநாளன்று கைகொடுத்து முஸாபஹா செய்ய வந்த பெண்கள் பலரின் விரலிலும் அதே அடையாளம் இருந்தது. புள்ள புடிச்சிட்டான், என்ன செய்யிற, என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் கைக்குழந்தைகள் இருந்தன. சொல்ல ஒரு காரணம் இருந்தது. என் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

பெருநாள் கழிந்த வாரத்தில் உம்மு குல்சூம் பூங்காவுக்கு வந்தாள். தொண்ணூறில் மன்னார்ப் பக்கத்திலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்களில் ஒருத்தி. அகதி முகாமில் இருந்த காலத்திலிருந்து எங்கள் தெருவுக்கு இடியப்பம் கொண்டுவருவாள். சொந்த ஊரில் பழைய காணி திரும்பக் கிடைத்து வீடும் கட்டியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போகிறோம், இனி இந்தப் பக்கம் வரக் கிடைக்காது என்று முதலே என்னிடம் சொல்லியிருந்தாள். பயணம் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. சிவப்புக் கிரவல் பாதையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தாள். சந்தையில் பிள்ளையைத் தவறவிட்டவள் அப்படித்தான் நிற்பாள்.

"ராத்தா, இதுல நிண்ட மருதோண்டி எங்க?"

வேலியைக் காட்டினேன். எல்லாம் நன்றாகப் பிடித்துவிட்டது என்றும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"எது எந்த இடத்துல நிண்டது எண்டு தெரியுமா?"

தெரியாது. யாருக்கும் தெரியாது. அவள் அந்தக் கிரவலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

வயிற்றிலேயே போன பிள்ளையை மையவாடிக்குக் கொண்டுபோகாமல், வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டு வளவிலேயே ஒரு மரத்தடியில் அடக்குவது அவர்கள் குடும்பங்களில் வழக்கம். உம்மா முற்றம் கூட்டும்போது அது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். ஆனால் அந்த வருடம் மழை தொடங்கியபோது அவர்கள் கிடுகுக் கொட்டில்களில், அடுத்தவரின் தென்னந்தோட்டத்தில் இருந்தார்கள். படகிலும் நடையிலும் அலைக்கழிந்து வந்த பெண்களுக்கு ஒருத்தி மாறி ஒருத்தியாகக் கலைந்தது. இடம் தந்த மனுஷனின் காணியில் எப்படி அடக்குவது? யாருக்கும் சொந்தமில்லாத மண்ணைத் தேடினார்கள். அவர்களோடு வந்த மருத்துவிச்சி ஒவ்வொன்றின் மேலும் ஒரு மருதோண்டிக் கம்பை ஊன்றினாளாம். கைக்கு ஒன்றும் பூசிப் பார்க்காமல் போகிறதுகள், மண்ணாவது சிவக்கட்டும் என்று. உம்மு குல்சூம் வேர் பிடிக்கும்வரை அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறாள். அந்த மருத்துவிச்சி மௌத்தாகிவிட்டாள். மற்றத் தாய்மாரில் சிலர் மௌத்து, சிலர் வெளிநாடு, சிலர் முன்னரே ஊர் திரும்பிவிட்டார்கள்.

"எங்களுக்கு வளவு எண்டு இரிந்தது இது ஒண்டுதான்" என்றாள். "போறத்துக்கு முந்தி என்ட புள்ளக்கிட்ட சொல்லிட்டுப் போகோணும். எதுக்கிட்ட சொல்ற?"

சிவப்பு மங்கத் தொடங்கியிருந்த என் சுட்டுவிரலை அவளிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். அவள் பயப்படவில்லை என்பதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

மறுநாள் காலையில் வேலியின் ஒவ்வொரு செடியிலும் இலை பறித்துத் தனித்தனிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டுச் சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது, அம்மிகூட இல்லை. ஒவ்வொன்றையும் தனியாக அரைத்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒன்றாக வைத்துவிடச் சொன்னாள். அவள் பிள்ளை எது என்று விரல் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை. செடிகளுக்குப் போக ஓரிரு விரல்கள்தான் மிச்சம். பின் விறாந்தையில் கதிரையைப் போட்டு, கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு இருந்தாள். நல்ல வெயில். பக்கத்து வீட்டு வானொலி பாடிக்கொண்டிருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வசம்பு வாசம் வந்தது.

வலது சுட்டுவிரலில் இருந்த பசையில் ஒரு சின்னக் குழி விழுந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

நான்கு குழிகளும் ஆழமாகி, பசை இரண்டு பக்கமும் பிதுங்கியது. அங்கே கை எதுவும் இல்லை. வெயிலில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, பிடிக்கிற கை மட்டும் தெரியவில்லை. விரல் நுனி வெளுத்து, பிறகு இரத்தம் ஓடிச் சிவந்தது. உம்மு குல்சூமின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி நிலைக்கவில்லை.

நடுவிரலில் குழி விழுந்தது.

பிறகு மோதிர விரலில்.

பிறகு இடது கையில்.

ஒன்றுக்காகத் தேடி வந்தவளை எல்லாம் பிடித்துக்கொண்டன. பூசாத விரல்கள் மட்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாம் புடிக்கிது, ராத்தா" என்று கிசுகிசுத்தாள்.

நான் பதுர்தீன் ஹாஜியாரிடம் ஓடினேன். கண்டதை மறைத்து, செடிகளைப் பழைய இடத்துக்கே மாற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். எந்தச் செடி எந்தக் குழியில் நின்றது என்று சொன்னால் இப்போதே ஆள் விடுகிறேன் என்றார். மட்டமாக்கிய மண்ணுக்கு அடையாளம் ஏது? திரும்பி வரும் வழியில் கால்கள் அப்படி வலித்தன. ஒரு ஊரைத் திருத்துவதற்குள் மனுஷருக்கு எவ்வளவு களைப்பு வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வேன் பூங்கா கேற்றடியில் வந்து நின்றது. கூரையில் அலுமாரியும் பாய்களும் கட்டியிருந்தன. உம்மு குல்சூம் மட்டும் இறங்கினாள். அவளுடைய புருஷன் அத்தாஉல்லா முன் சீட்டில் இருந்து நேரே வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மழைக்காலத்தில் குழிகளைத் தோண்டியவர் அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆட்கள் இல்லாத உச்சிவெயில். கழுதைகள் வேலிக்கு அப்பால் தலை தாழ்த்தி நின்றன. உம்மு குல்சூம் வரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு செடியாகத் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டு போனாள். கடைசிச் செடியடியில் நின்று கொஞ்சநேரம் எதையோ ஓதினாள். பிறகு கேற்றை நோக்கித் திரும்பினாள்.

அவள் திரும்பினாள். கைகள் திரும்பவில்லை.

இரண்டு கைகளும் பின்னால், இடுப்புயரத்தில், விரல்கள் மடங்கியபடி நின்றன. இழுத்துப் பார்த்தாள். தோள் அசைந்தது, விரல்கள் அசையவில்லை. இலைகள் அசையாமல் இருந்தன. வேலிக்குள் அந்தச் சப்பும் சத்தம் நின்றுபோயிருந்தது.

எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன.

வேன் ஹோர்ன் அடித்தது.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க ஏலாது. புது வீடு, கட்டிய சாமான், காத்திருக்கும் புருஷன், இருபது வருடம் நினைத்து நினைத்து ஏங்கிய சொந்த மண், எல்லாம் கேற்றுக்கு வெளியே நின்றன.

"போகாம இரிக்க ஏலாது. உட்டுட்டுப் போகவும் ஏலாது, ராத்தா."

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓடிவிடவும் நினைத்தேன். ஆனால் இரண்டு கையும் நிறைந்துபோய் வாசலில் நிற்கிற ஒருத்தியைக் கண்டால் நாங்கள் என்ன செய்வோம்? போய் வாங்கிக்கொள்வோம். அந்தப் பழக்கம்தான் என்னை நடக்க வைத்தது.

"தாங்க" என்றேன்.

"பிஸ்மி சொல்லி வாங்குங்க" என்றாள்.

பிஸ்மி சொன்னேன். அவள் விரலோடு என் விரலை வைத்தேன். குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. இளஞ்சூடு. கொஞ்சம் ஈரம். அவள் விரல் மெல்ல நிமிர்ந்தது. என் விரலை ஏதோ இறுகப் பற்றியது.

அடுத்த விரல்.

அதற்கடுத்தது.

ஒவ்வொன்றும் அவளை விட்டு என்னிடம் வந்தது. வரும்போது ஒரு சின்ன விம்மல் மாதிரிக் காற்று என் மணிக்கட்டில் பட்டது. என் கைகள் கனத்துக்கொண்டே போயின.

கடைசியில் அவளுடைய இடது கைச் சின்னவிரல் மட்டும் மிச்சம். அதில் என் விரலை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் வைத்தேன். அந்த விரல் நிமிரவில்லை. அதிலிருந்த பிடி அவள் தோல் வெளுக்கும்வரை இறுகியது.

உம்மு குல்சூம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுக்கு விளங்கிவிட்டது.

"இது வராது, ராத்தா" என்றாள்.

கையை மெல்ல முன்னால் எடுத்தாள். வேலி விட்டுவிட்டது. மற்றக் கையால் அந்தச் சின்னவிரலைப் பொத்தி, முந்தானைக்குள் மறைத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தாள். வெயில் பட்டுவிடுமோ என்று குனிந்துதான் நடந்தாள். வேன் கதவைத் திறக்க அவளிடம் கை இல்லை, என்னிடமும் இல்லை. அத்தாஉல்லா இறங்கி வந்து திறந்தார். மனைவியின் பொத்திய கைகளைப் பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பிடித்து மெதுவாக ஏற்றி உட்கார வைத்தார்.

வேன் மன்னார் வீதிப் பக்கம் திரும்பி மறைந்தது. கழுதைகள் ஒவ்வொன்றாக வேலியை விட்டு விலகி, குப்பைத் தொட்டியைத் தேடிப் போயின.

நான் கேற்றைப் பூட்டவில்லை. கைகளை ஆட்டாமல், ஓரமாக, நிழல் பார்த்து வீட்டுக்கு வந்தேன். வழியில் ஸலாம் சொன்னவர்களுக்குக் குரல் எழுப்பாமல் பதில் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை. பின் விறாந்தைக் கதிரையில் சாய்ந்த பிறகுதான் கவனித்தேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் கடைசி மகனுக்கு இருபத்தாறு வயது. மாதக்குளிப்பு நின்று எத்தனையோ வருடம். என் சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். குனிந்து முகர்ந்தேன்.

வியர்வை இல்லை.

மிகவும் களைப்பாக இருந்தது. எழுந்து போய்த் தோளால் கதவைச் சாத்திவிட்டு வந்து, பிஸ்மி சொல்லி மடியை விரித்தேன்.